ஆக்ட் ப்ளர்: பூன் லேக்குப் புதிதாக வருவோருக்கான பால பாடம்

சிங்கப்பூரின் பூன் லேயில் வாடகைக்கு அறை பிடித்து, சிம் கார்டு வாங்கி, வீடியோ காலில் ஊருக்கு ஜன்னலைக் காட்டி முடித்த கையோடு நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு பெயரடை. ஆங்கிலம்தான். ப்ளர். பள்ளியில் ஆங்கிலத்தில் தொண்ணூறு வாங்கியவர் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கஷ்டம். நீங்கள் படித்த ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல், இல்லாவிட்டால் வினைச்சொல். பெயரடையாக வேண்டுமென்றால் வாலில் எதையாவது ஒட்டியாக வேண்டும். இங்கே எதையும் ஒட்ட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த மறுநாளே சூப்பர்வைசர் உங்களைப் பார்த்து "ஒய் யூ சோ ப்ளர்?" என்பார். அவசரப்பட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். மங்கலாக இருப்பது கண்ணாடி அல்ல, நீங்கள்.

சொன்னது மண்டையில் ஏறாமல், சுற்றி நடப்பது பிடிபடாமல், திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிற நிலைக்கு இங்கே ப்ளர் என்று பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் "ஏண்டா மசமசன்னு நிக்கிற?" என்பார்களே, அதுதான். பேந்தப் பேந்த விழிப்பதும் இதில் அடக்கம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதை இதில் சேராது. அது தெரிந்தும் அசையாதவன் சங்கதி. ப்ளர் ஆசாமிக்கு மழை பெய்வதே தெரியாது. அவனைத் திட்டுகிறவர் குரலில் பாதி எரிச்சலும் பாதி பரிதாபமும் இருக்கும். அந்தப் பரிதாபப் பாதியை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடம் முழுக்க அதை வைத்துப் பிழைப்பது பற்றித்தான்.

இது ஏதோ காப்பிக்கடைக் கொச்சை என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி 2016 மார்ச்சில் சிங்கப்பூர்ச் சொற்களில் ஒரு கூட்டத்தையே உள்ளே விட்டது. ஷியோக், லெபாக், தே தாரே, ஹாக்கர் சென்டர், எச்டிபி எல்லாம் கைகோத்துக்கொண்டு போனபோது ப்ளரும் கூடவே போய்விட்டது. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் எதற்கும் முந்திக்கொள்கிறவனைக் குறிக்கும் ஹொக்கியன் வழிச் சொல்லான 'கியாசு', 2007லேயே போய் இடம் பிடித்துவிட்டது. அதுவும் பெயரடைதான், பெயருக்கு ஏற்ற மாதிரி முந்திக்கொண்டது. ப்ளர் ஒன்பது வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்ததும் அதன் குணத்துக்குப் பொருத்தமே. அதே 2016 செப்டம்பரில் நம்முடைய ஐயோவும் அந்த அகராதிக்குள் நுழைந்தது. மார்ச்சில் ஒருவன் முழித்துக்கொண்டு நின்றான், செப்டம்பரில் பக்கத்திலிருந்தவர் "ஐயோ" என்றார். அகராதிக்காரர்கள் இந்த ஊரைச் சரியான வரிசையில்தான் கேட்டிருக்கிறார்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் முகபாவம் தானாக அமையும். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ப்ளர் என்றால் எழுத்தின் மேல் விழுந்த மைத்தீற்றல். இறகுப் பேனாவால் எழுதுகிறவன் மை காயும் முன்னே கையை இழுத்துவிட்டால் தாளில் ஒரு கறை படியுமே, அது. நீர் கோத்து மங்கிய கண்ணைக் குறிக்கும் 'ப்ளியர்' என்ற பழைய சொல்லுக்கு இது சொந்தமாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். நாளடைவில் கறை தாளை விட்டுக் கண்ணில் படும் காட்சிக்குப் போயிற்று. புகைப்படம் வந்த பிறகு கேமரா ஆடி எடுத்த படமெல்லாம் ப்ளர். "போட்டோ ப்ளரா இருக்கு" என்று தமிழ்நாட்டில் சொல்கிறோமே, அந்த எல்லை வரைக்கும் நாமும் வந்துவிட்டோம். படத்தை விட்டுவிட்டு ஆளின் மேல் பூசியது மட்டும் சிங்கப்பூர்க்காரர் கைங்கரியம். பூசியதோடு நிற்காமல், வேண்டியபோது "ப்ளர் ப்ளர்" என்று இரட்டிக்கவும் செய்தார்கள். மலாயில் ஜாலான் ஜாலான் உண்டு, தமிழில் சும்மா சும்மா உண்டு. ஆங்கிலம் மட்டும் எத்தனை நாள் ஒற்றையாக நிற்கும்?

இனிமேல்தான் பாடத்தின் முக்கியமான இடம். ஒருவன் சாதாரண ப்ளர் அல்ல, தேர்ந்த ப்ளர் என்றால் "ப்ளர் லைக் சோத்தோங்" என்பார்கள். சோத்தோங் மலாய்ச் சொல், நம் கணவாய். கணவாய் மையைப் பீய்ச்சித் தண்ணீரைக் கலக்கிவிடுகிறது, அதனால் ப்ளர் என்று விளக்கம் சொல்வது வழக்கம். இங்கிலாந்தில் தாளில் சிந்திய மையிலிருந்து கிளம்பிய சொல், பல நூறு வருடம் சுற்றி அலைந்து, மை சிந்துகிற பிராணியிடமே வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. திட்டம் போட்டிருந்தால் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

ஆனால் அந்தக் கணவாயைக் கொஞ்சம் கவனியுங்கள். பூன் லே பிளேஸ் உணவங்காடிக்குப் போய், பவர் நாசி லெமாக் கடையின் நீண்ட வரிசையைக் கும்பிட்டுவிட்டு, வேறு ஏதாவது மலாய்க் கடையில் சம்பால் சோத்தோங் வாங்கி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். வளையம் வளையமாக, சிவந்த சம்பாலில் ஊறிக் கிடக்கும் இந்தப் பிராணி உயிரோடு இருந்தபோது மந்தம் அல்ல. முதுகெலும்பு இல்லாத உயிர்களிலேயே பெரிய மூளை படைத்த குடும்பத்தில் பிறந்தது. பெரிய மீன் துரத்தி வந்தால் அது மையை விடும். மையில் கோழை கூடுதலாகக் கலந்திருந்தால் அது உடனே கரைந்து போகாது. கணவாயின் பருமனிலேயே ஒரு கறுத்த உருவமாகத் தண்ணீரில் மிதக்கும். மீன் அந்தப் பொம்மையைக் கவ்வும். அசல் கணவாய் அதற்குள் நிறம் வெளுத்து, தண்ணீரைப் பீய்ச்சி, பின்பக்கமாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ப்ளராகிப் போனது மீன். கணவாய் ப்ளர் அல்ல, ஆக்ட் ப்ளர்.

இந்த நாட்டில் எங்கும் எழுதி வைக்காத, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு வாசகம் உண்டு: "ஆக்ட் ப்ளர், லிவ் லாங்கர்". தெரியாத மாதிரி நடி, ஆயுசு கெட்டி. (கணவாய்களில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை என்பதை இந்த இடத்தில் யாரும் எழுப்ப மாட்டார்கள். நீங்களும் எழுப்ப வேண்டாம். தெரியாத மாதிரி இருங்கள்.)

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு தகுதித் தேர்வு. காப்பிக்கடை அங்கிளிடம் போய் உங்களுக்கு வேண்டியதை ஒரே மூச்சில் சொல்ல வருகிறதா? வெறும் கோப்பி என்றால் கெட்டியான இனிப்புப் பால் போட்டது. ஓ என்றால் பால் கிடையாது. சி என்றால் ஆவிப்பால். சியூ தாய் என்றால் இனிப்பைக் குறை, கோசோங் என்றால் இனிப்பே வேண்டாம், பெங் என்றால் ஐஸ். "கோப்பி ஓ கோசோங் பெங்" என்று தயங்காமல் சொல்லிக் காசை நீட்டும்வரை நீங்கள் அசல் ப்ளர். அசல் ப்ளருக்கு நடிக்க உரிமை இல்லை. தெரிந்ததைத்தான் தெரியாத மாதிரி காட்ட முடியும். தெரியாததையே தெரியாத மாதிரி காட்டினால் அதற்குப் பெயர் உண்மை, அதைக் கேட்க அங்கிளுக்கு நேரமில்லை. உங்களுக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள்.

அசல் ப்ளர் எப்படி இருக்கும் என்று பார்த்துப் படிக்க ரயில் நிலையம் நல்ல இடம். பூன் லே நிலையம் 1990 ஜூலையில் திறந்தது. மேற்கே அதுதான் கடைசி. 2009 பிப்ரவரி வரை, ஏறக்குறைய 19 வருடம், அக்கம்பக்கத்து ஜூரோங் வெஸ்ட்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். வண்டி நின்றுவிட்டால் அது பூன் லே, வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை. அந்த மாதம் 28ஆம் தேதி பாதையை ஜூ கூன் வரை நீட்டிவிட்டார்கள். ஒரு தலைமுறை பழகிய தூக்கம் ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. 2017இல் துவாஸ் லிங்க் வரை நீண்டது, அதாவது தூங்குகிறவரை இன்னும் தூரம் கொண்டுபோய் விட வசதி செய்து கொடுத்தார்கள். திடுக்கென்று கண்ணைத் திறந்து, ஜன்னலில் தெரியும் தொழிற்பேட்டையைப் பார்த்து, தன் வாழ்க்கையையே ஒருமுறை சரிபார்க்கும் அந்த முகம் இருக்கிறதே, அதை மனதில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உதவும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஜூரோங் பாயிண்ட். கடைத்தொகுதிக்குள்ளேயே பேருந்து நிலையம், தலைக்கு மேலே அடுக்குமாடி வீடுகள், இந்தப் பக்கம் பழைய கட்டடம், அந்தப் பக்கம் புதுக் கட்டடம், நடுவே எந்த மின்படியில் ஏறினாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற ஒரு வாஸ்து. புதிதாக வந்தவர் இங்கே பத்து நிமிடம் சுற்றினால் இயற்கையாகவே நம் பாடத்திட்டத்தின் முதல் பாதியை முடித்துவிடுவார். இந்த இடத்தில் மட்டும் நடிக்க முயல வேண்டாம், நடிக்கத் தேவையும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே பேருந்து நிலையத்தில் தலையை ஒட்ட வெட்டிய பையன்களைப் பார்ப்பீர்கள். வார இறுதி விடுப்பு முடிந்து மேற்கே பாசிர் லாபா பக்கம் முகாமுக்குத் திரும்புகிறவர்கள். ஆக்ட் ப்ளர் கலைக்குப் பல்கலைக்கழகம் என்று ஒன்று உண்டென்றால் அது 1967இல் தொடங்கிய கட்டாய தேசிய சேவைதான். அங்கே ஒரு வேலையைப் பிடித்து இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு 'ஏரோ' என்று பெயர், அம்பு. அம்பு பாய்ந்தவன் 'கெனா ஏரோ'. "இங்கே நல்லா படம் வரைகிறவன் யார்?" என்று சார்ஜென்ட் அன்பாகக் கேட்பார். கை தூக்கினவன் சனிக்கிழமை முழுவதும் சுவருக்கு பெயின்ட் அடிப்பான். கை தூக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வீட்டுக்குப் போவான். பதினெட்டு வயதில் இதைக் கற்றவன் அறுபது வயதில் கம்பெனி இயக்குநரானாலும் மறக்க மாட்டான். ப்ளர் பட்டத்தின் மேல்நிலைகளும் அங்கே கிடைக்கும்: ப்ளர் கிங் உண்டு, ப்ளர் சோத்தோங் உண்டு, இன்னொன்று இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாதது. பையனிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அவன் அம்மா பக்கத்தில் இல்லாதபோது.

நீங்கள் முகாமுக்குப் போகப் போவதில்லை. உங்கள் களம் ஆபீஸ். முறை கணவாயுடையதுதான். அம்பு வருவது தெரிந்ததும் பதுங்காதீர்கள். பதுங்கினால் கண்ணில் படுவீர்கள். பொம்மையை விடுங்கள். பொம்மை என்பது எதிராளி கவ்விக்கொண்டு போகக்கூடிய ஒரு சின்ன வாக்கியம். "ஹா? அது இன்னிக்கா?" ஒரு நல்ல பொம்மை. "ஈமெயில்ல இருந்துச்சா? ஜங்க்ல போயிருக்குமோ?" இன்னும் உருவம் உள்ள பொம்மை, உடனே எல்லாரும் ஜங்க் ஃபோல்டரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள், உங்களை விட்டுவிடுவார்கள். 'ஹா'வை இழுக்க வேண்டாம். வாய் ஒரு கச்சாங் பூத்தே கடலை உள்ளே போகும் அளவுக்குத் திறந்தால் போதும். புருவம் உயரலாம், இரண்டும் ஒன்றாக உயரக் கூடாது. அது ஆச்சரியம் என்று கணக்காகிவிடும். கண்ணில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே கணக்குப் போடுகிறவன் கண் ஓடும். துவாஸ் லிங்க் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. கீழே இருப்பவர் ஆக்ட் ப்ளர் செய்தால் அது பிழைப்பு. மேலே இருப்பவர் செய்தால் வேறு கதை. சம்பளம் தாமதமாகிறது என்றோ ஓவர்டைம் கணக்கு உதைக்கிறது என்றோ போய்க் கேட்டால், அதே 'ஹா' சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும். அதற்கு முன்னால் உங்கள் 'ஹா' எடுபடாது. பேஸ்லிப்பை எடுத்து மேசையில் வையுங்கள். இந்த வித்தைக்கு முறிவு மருந்து காகிதம் ஒன்றுதான்.

குடும்பத்தில் இந்தக் கலைக்கு வேலை அதிகம். தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா போன் செய்து, "தம்பி, கையில எவ்வளவுப்பா வருது?" என்பார். பொய் சொல்லத் தேவையில்லை. "சித்தப்பா, இங்க எல்லாம் வெள்ளிக் கணக்கு, வாடகை போக, சாப்பாடு போக, அனுப்புற செலவு போக…" என்று தொடங்கி முடிக்காமல் விடுங்கள். மூன்றாவது 'போக'வில் அவரே பேச்சை மாற்றி மழை உண்டா என்பார். அவரும் அந்தக் காலத்தில் இதையே வேறு பெயரில் செய்தவர்தான்.

இன்னொரு கேள்வி வரும். லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டு மேசையில், புதிதாக அறிமுகமான ஒருவர் மிகவும் பணிவாக, "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? உங்க ஆளுங்கள்லாம் அங்க நிறையவா?" என்று படிப்படியாக இறங்கி வருவார். கடல் தாண்டி வந்தும் சிலர் இந்தத் தூண்டிலைப் பெட்டியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆக்ட் ப்ளர் கலையின் ஆகச் சிறந்த பயன் இங்கேதான் என்பது என் தாழ்மையான, மாற்றிக்கொள்ள விரும்பாத கருத்து. "ஆளுங்களா? எங்க புளோக்ல நிறைய பேர் இருக்காங்கண்ணே, சீனர்தான் அதிகம்." அவர் இன்னும் ஒருபடி இறங்கினால், "புளோக் நம்பர் வேணுமாண்ணே?" என்று கேளுங்கள். முகத்தில் ஒரு சுருக்கமும் கூடாது. அவர் எத்தனை முறை வீசினாலும் மை மட்டுமே சிக்க வேண்டும்.

இந்த வித்தை செல்லாத இடங்களும் உண்டு. ரயிலில் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அறிவிப்பைப் பார்க்காத மாதிரி முழித்தால் 500 வெள்ளி வரை அபராதம். அந்த அறிவிப்பில் படம் போட்டிருக்கும், எழுத்து தெரியாது என்ற பொம்மையும் மிதக்காது. உணவங்காடியில் தட்டை மேசையிலேயே விட்டுப் போவதும் 2021 செப்டம்பர் முதல் அமலாக்கத்துக்கு உட்பட்டது. அங்கே அதிகாரியைவிட ஆபத்தானவர் பக்கத்து மேசை ஆன்ட்டி. அவரிடம் எந்தப் பாவமும் பலிக்காது, அவர் மூன்று பிள்ளை வளர்த்தவர்.

அரசாங்கத்துக்கும், இந்தச் சொல் புழங்கும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷுக்கும் கொஞ்ச காலமாக லடாய். 1999 தேசிய தினப் பேருரையில் பிரதமர் கோ சோக் டோங், தொலைக்காட்சியில் குர்மீத் சிங் நடித்துப் பிரபலமாக்கிய புவா சூ காங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் பாத்திரத்தையே ஆங்கில வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். கற்பனை ஆள் என்பதால் அவருக்கும் தப்பிக்க வழியில்லை. 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கிற்று. ஆக்ஸ்ஃபர்ட் கதவைத் திறந்துவிட்ட 2016இல், கவிஞர் குவீ லி சுய் நியூயார்க் டைம்ஸில் சிங்லிஷுக்குப் பரிந்து எழுத, அப்போதைய பிரதமரின் பத்திரிகைச் செயலாளர் அதே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் போட்டார்: சிங்லிஷ் புழங்கினால் பெரும்பாலோருக்கு முறையான ஆங்கிலம் கைவருவது கடினமாகும் என்று. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே நேர்முகத் தேர்வில் இந்தச் சொல்லை மறந்தும் சொல்லாதீர்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, உள்ளே இருக்கும் மூவரும் உங்களைப் பற்றி அந்தச் சொல்லில்தான் பேசிக்கொள்வார்கள். அது அவர்கள் சௌகரியம்.

கடைசியாக ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை கற்றுத் தேர்ந்து நீங்கள் ஒரு கூட்டத்தில் போய் உட்காரும்போது, மேசையைச் சுற்றி இருக்கிற எட்டுப் பேரும் இதே பாடத்தை உங்களுக்கு இருபது வருடம் முன்னாலேயே முடித்தவர்கள். "இந்த ரிப்போர்ட்டை யார் எடுத்துச் செய்கிறீர்கள்?" என்று கேள்வி எழும். எட்டு வாயும் கச்சாங் பூத்தே அளவுக்குத் திறக்கும். மேசை முழுக்க மை. ஜங்க் ஃபோல்டர் பற்றி ஒருவர் தொடங்குவார். இன்னொருவர் குளிரூட்டியின் சத்தத்தை ஆராய்வார். இந்த நிலையில் அம்பு யாரிடம் போகும் என்பதற்கு எழுதாத விதி ஒன்று இருக்கிறது: கடைசியாகச் சேர்ந்தவரிடம். வியாழக்கிழமைக்குள் முடித்து அனுப்பிவிடுங்கள், பிடிஎஃப் ஆக.